போலீஸ் கேட்டால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? மருத்துவமனை ஊழியர்களின் கேள்விகளும் பதில்களும்

மருத்துவமனையில் யாருக்கும் சொந்தமில்லாத தலைவலி எல்லாம் கடைசியில் ஆவணப் பிரிவுக்கு, அதாவது எம்.ஆர்.டி.க்கு வந்து சேரும். காக்கிச் சட்டை வார்டுக்குள் நுழைந்ததும் ஸ்டாஃப் நர்ஸ் போன் போடுவது எனக்குத்தான். கேட்கும் ஆள் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

சட்டப் பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டேஷன் ரைட்டர் வாயில் இன்னும் "91 நோட்டீஸ்", "160 சம்மன்" என்றுதான் வருகிறது. தேவைப்பட்ட இடங்களில் பழைய எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.

"போலீஸ் கேட்டா சொல்லித்தானே ஆகணும் சார்? அவங்களும் கவர்மென்ட்தானே?"

விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு முறையும் இருக்கிறது. எந்த வழக்கு, யார் விசாரணை அதிகாரி, என்ன தேவை என்று காகிதத்தில் வந்தால் அது விசாரணை. வார்டு வாசலில் நின்றுகொண்டு "பத்தாம் நம்பர் பெட்டுக்கு என்னம்மா வியாதி?" என்றால் அது வெறும் விசாரிப்பு. முதலாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு "ஆர்.எம்.ஓ.வைப் பாருங்க சார்" என்றால் போதும். ஆர்.எம்.ஓ. என்பவர் மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்.

டாக்டர்களுக்கு 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் 7.14 என்று ஒரு விதி உண்டு. தொழிலின்போது தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை மூன்று நிலைகளில் மட்டுமே வெளியிடலாம் என்கிறது அது: நீதிமன்றத்தில் நீதிபதி உத்தரவிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருந்தால், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தால். 2023 ஆகஸ்டில் இதற்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. அதே மாதம் அவை நிறுத்தி வைக்கப்பட்டதால் பழையதுதான் நடப்பில் இருக்கிறது.

"நான் டாக்டரே இல்லையே, லேப் டெக்னீஷியன். எனக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்?"

மருத்துவக் கவுன்சில் விதி உங்களைக் கட்டுப்படுத்தாது, சரிதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் உங்களுடையது அல்ல, நோயாளியுடையது. மருத்துவமனை அதைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருக்கிறது, நீங்கள் மருத்துவமனையின் ஆள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைவிட ஒருவருக்கு அந்தரங்கமானது வேறு என்ன இருக்கிறது?

செக்யூரிட்டி, வார்டு பாய், பில்லிங் கவுன்ட்டர் எல்லோருக்கும் இதேதான். என் அனுபவத்தில் விஷயம் கசிவது டாக்டரிடமிருந்து அல்ல, டீ வாங்கிக் கொடுத்த பழக்கத்தில் வாய் திறப்பவர்களிடமிருந்துதான்.

"அப்போ வக்கீல் மாதிரி நாமளும் 'கட்சிக்காரர் ரகசியம்'னு வாயை மூடிக்கலாமா?"

முடியாது. இங்கேதான் பலர் சினிமா பார்த்துக் குழம்புகிறார்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. பழைய சட்டத்திலும் இருந்தது, இப்போதுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132ஆம் பிரிவு முதல் இருக்கிறது. டாக்டருக்கும் நோயாளிக்கும் இடையே அப்படியொரு பாதுகாப்பு இந்தியாவில் கிடையாது. நீதிபதி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விசாரணை அதிகாரி பி.என்.எஸ்.எஸ். 180இன் கீழ் (பழைய 161) உங்களைச் சாட்சியாக விசாரித்தால், அந்த வழக்கு சம்பந்தமான கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள். உங்களையே குற்றவாளியாக்கக் கூடிய கேள்விக்கு மட்டும் விலக்கு உண்டு. "அந்த வழக்கு சம்பந்தமான" என்ற சொற்களைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிதடி வழக்கில் காயம், வந்த நேரம், நினைவோடு இருந்தாரா என்பதெல்லாம் சம்பந்தமானவை. அவருக்கு ஐந்து வருடம் முன்பு நடந்த கருத்தடை அறுவை சிகிச்சை சம்பந்தமில்லாதது.

"எம்.எல்.சி. போட்டாச்சு. இனி எல்லாத்தையும் கொடுத்துடலாம்தானே?"

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எம்.எல்.சி. என்றால் போலீஸுக்குத் தகவல் போக வேண்டிய கேஸ் என்று பொருள், ஃபைல் முழுக்கப் போலீஸுடையது என்று பொருள் இல்லை. தானாகப் போவது இன்டிமேஷன், அதாவது போலீஸுக்கு அனுப்பும் தகவல் தாள். கேட்டால் போவது ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி, பிறகு காயச் சான்றிதழ். கேஸ் ஷீட் என்பது வேறு. அதில் நோயாளியின் பழைய வியாதி, சாப்பிடும் மாத்திரை, குடும்ப விவரம், நர்ஸ் நோட்ஸ் எல்லாம் இருக்கும். அது வெளியே போவதற்கு உள்ள வழியை ஆறாவது கேள்வியில் சொல்கிறேன்.

ஏ.ஆர். எழுதும்போதே பாதி ரகசியம் காக்கப்படும், அல்லது கெடும். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்: "இன்று மாலை 7 மணியளவில் தன் வீட்டருகே தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார். நினைவுடன் இருக்கிறார். இடது முன்கையில் 4 செ.மீ. நீளக் கிழிந்த காயம்." இதில் "தெரிந்த இரண்டு" என்பது பின்னால் கோர்ட்டில் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணைக்கு ஆளாகும் வார்த்தை. நோயாளி சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கூட வந்த மச்சான் சொன்னதை எழுதினால் "உடன் வந்தவர் சொன்னபடி" என்று குறிக்க வேண்டும். அதே ஏ.ஆரில் "மனநல மாத்திரை சாப்பிடுபவர்" என்று ஒரு வரி சேர்த்தால், சிகிச்சைக்குத் தேவைப்படாவிட்டாலும், அது ஸ்டேஷன், எதிர்த்தரப்பு வக்கீல், ஊர் என்று சுற்றி வரும். அந்த வரிக்கு இடம் கேஸ் ஷீட்.

"ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி 'அந்த ஆள் எந்த வார்டு, பிழைச்சுக்குவானா'ன்னு மட்டும்தான் கேட்டாங்க. அது கூடவா தப்பு?"

போனில் பேசுவது யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், வெட்டுக்காயத்தோடு ஒரு இளைஞர் படுத்திருந்தார். "எஸ்.ஐ. பேசறேன்" என்று அதிகாரமாக ஒரு குரல். வார்டு, பெட் நம்பர், ஐ.சி.யூ.விலிருந்து எப்போது மாற்றுவார்கள் என்று எல்லாம் கேட்டது. சொன்னவன் நான்தான். மறுநாள் எதிர்த்தரப்பு ஆட்கள் நேராக அந்த பெட்டுக்கே வந்து நின்றார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் விழித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று எனக்கு ஏறிய படபடப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஒரே வழக்கம்தான். "சார், உங்க பேரு, ஸ்டேஷன் சொல்லுங்க, நானே ஸ்டேஷன் நம்பருக்குத் திரும்பக் கூப்பிடறேன்." உண்மையான அதிகாரி யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. மருத்துவமனையில் புறக்காவல் நிலையம் இருந்தால் இன்னும் எளிது, அங்கே போகச் சொல்லிவிடலாம்.

"கேஸ் ஷீட்டை வாட்ஸ்அப்ல படம் எடுத்து அனுப்புங்கன்னு கேக்கறாங்க. அவசரமாம்."

அனுப்பாதீர்கள். ஆவணம் வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். 94இன் கீழ் (பழைய 91) நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம், அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்தில் உத்தரவிடலாம். அந்தக் காகிதத்தில் குற்ற எண், எந்த ஆவணம், எந்தத் தேதியது என்று இருக்கிறதா பாருங்கள். "சம்பந்தப்பட்ட அனைத்து ஆவணங்களும்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், எது தேவை என்று திருப்பி எழுதிக் கேட்கலாம். அதற்குப் பெயர் ஒத்துழைக்க மறுப்பது அல்ல. முன்பு சொன்ன 2002 விதிகளே சட்ட அதிகாரிகள் ஆவணம் கேட்டால் ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் வழங்கச் சொல்கின்றன. எனவே "இப்போதே கொடு" என்று நிற்பவரிடம் பணிவாக அந்தக் கணக்கைச் சொல்லலாம்.

கொடுப்பது சான்றொப்பமிட்ட நகல். அசலைக் கைப்பற்றியே தீருவேன் என்றால், பக்க எண் போட்டு முழு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கைப்பற்றியதற்கான ஒப்புதலை வாங்கிக்கொண்டு கொடுங்கள். என் மேஜையில் இதற்கென்றே ஒரு நீலப் பதிவேடு இருக்கிறது: தேதி, நேரம், உத்தரவின் எண், எத்தனை பக்கம், வாங்கியவர் பெயர், பணி எண், கையெழுத்து. கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் உத்தரவு இருக்காது என்பது நான் கண்டது.

சிசிடிவி பதிவுக்கும் இதே வழிதான். கூடுதலாக சாக்ஷ்ய அதிநியமம் 63இன்படி (பழைய 65பி) சான்றிதழ் சேர்க்க வேண்டும். ஐ.டி. ஆளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னை ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்றாங்க. நைட் டியூட்டி முடிச்சுட்டு எப்படிப் போறது?"

சாட்சியை அழைப்பதும் எழுத்தில்தான் இருக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 179 (பழைய 160). கேட்டவர் ஸ்டாஃப் நர்ஸ் என்பதால் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. நீங்களாக விரும்பினால் போகலாம். "மருத்துவமனையிலேயே ஆர்.எம்.ஓ. அறையில் பேசலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான அதிகாரிகள் ஒத்துக்கொள்கிறார்கள். மருத்துவத் தொழிலில் இருப்பவர்களை விசாரணை என்ற பெயரில் தேவையில்லாமல் அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லியிருக்கிறது.

போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை. 181ஆம் பிரிவு (பழைய 162) அதைத் தெளிவாகச் சொல்கிறது. நினைவிலிருந்து அடித்து விடாமல் கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியாது" என்பது முழுமையான பதில்தான்.

"போலீஸ் வர்ற வரைக்கும் பேஷன்ட்டைத் தொடக் கூடாதாமே?"

இதை இன்னுமா நம்புகிறார்கள்! மேலே சொன்ன அதே 1989 தீர்ப்பு: முதலில் உயிர், பிறகு காகிதம். பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு பாதிப்போடு வருபவர்களுக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவச முதலுதவியோ சிகிச்சையோ தந்து, போலீஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

"விஷம் குடிச்ச பொண்ணு, 'போலீஸுக்குச் சொல்லாதீங்க, கல்யாணம் நின்னுடும்'னு காலைப் பிடிக்கறா. என்ன பண்றது?"

மனசு கஷ்டப்படும் இடம் இது. விஷம் குடித்து வந்த கேஸுக்கு இன்டிமேஷன் போவது நடைமுறை. ஆனால் அது எதற்கு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். யாராவது கொடுத்தார்களா, தூண்டினார்களா, துன்புறுத்தினார்களா என்று பார்ப்பதற்குத்தான், அவளைச் சிறைக்கு அனுப்புவதற்கு அல்ல. தற்கொலைக்கு முயல்பவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா எடுத்துக்கொள்ளவில்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதன் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே பாதி அழுகை அடங்கிவிடுகிறது.

இன்டிமேஷனில் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: பெயர், வயது, நேரம், என்ன பொருள் என்று சொல்கிறார், இப்போது எப்படி இருக்கிறார். காதல், கடன், மாமியார் கதை அங்கே வேண்டாம். மனநல மருத்துவர் எழுதிய குறிப்புகளுக்கு அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் தனிப் பாதுகாப்பு உண்டு. அவற்றை ஏ.ஆரோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிடாதீர்கள்.

வயது வந்த பெண் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகி, "கேஸ் வேண்டாம்" என்றால்? எம்.எல்.சி. பதிவு உண்டு. ஆனால் புகார் கொடுக்க மறுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்று விளக்கி, அந்த மறுப்பைப் பதிவு செய்யச் சொல்கின்றன மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்கள். சிகிச்சை எதற்காகவும் நிற்காது.

"பதினேழு வயசுப் பொண்ணு, அம்மாவோட அபார்ஷனுக்கு வந்திருக்கு. போக்சோ போடணும், ஆனா பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு அழறாங்க. ரெண்டும் எப்படிச் சாத்தியம்?"

சாத்தியம்தான். 18 வயதுக்குள் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தகவல் தந்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, நிறுவனத்தின் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை. மறுபக்கம், கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ பிரிவு பெண்ணின் பெயரையும் விவரங்களையும் சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறது. அதை மீறினாலும் ஓராண்டு வரை சிறை.

இரண்டுக்கும் நடுவே டாக்டர்கள் மாட்டிக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் அவிழ்த்தது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போக்சோ தகவல் கொடுக்கும்போது டாக்டர் அவளுடைய பெயர், அடையாள விவரங்களைச் சொல்லத் தேவையில்லை. தொடரும் குற்ற வழக்கிலும் அப்படியே. ஆக, தகவல் போகும், பெயர் போகாது. அந்த வேண்டுகோளை எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். ஸ்டேஷனில் "பேர் இல்லாம எப்படி எஃப்.ஐ.ஆர். போடறது?" என்று கேட்பார்கள். தீர்ப்பு நகலை டிராயரில் வைத்திருங்கள், நான் வைத்திருக்கிறேன்.

"அக்யூஸ்டுக்கு எச்.ஐ.வி. இருக்கான்னு எஸ்.ஐ. கேக்கறாரு. அவரைப் பிடிச்சப்போ கையில கீறல் பட்டுச்சாம்."

எஸ்.ஐ.யின் பயம் நியாயமானது. அதற்கு மருந்து அவருக்கே உடனடித் தடுப்புச் சிகிச்சை கொடுப்பது, அதுவும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

கைதியின் ரிப்போர்ட் வேறு கதை. 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, நீதியின் நலனுக்கு அவசியம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டால் தவிர, யாரையும் அந்த நிலையை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது. 94 நோட்டீஸ் வந்தால்கூட இந்த ஒரு தாளுக்கு மட்டும் ஆர்.எம்.ஓ.விடமும் சட்ட ஆலோசகரிடமும் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

"கைதி பேஷன்ட் கூட வந்த போலீஸ்காரர் பரிசோதனை அறையை விட்டு நகர மாட்டேங்கறாரு."

தப்பி ஓடிவிடுவார் என்ற கவலை அவருக்கு, வேலை போய்விடும். கதவுக்கு வெளியே, பார்வையில் படும்படி, காதில் விழாத தூரத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாத அறையைக் காட்டினால் அவரும் சமாதானமாகிவிடுவார். பக்கத்தில் நின்றால் "எப்படிக் காயம் பட்டது?" என்ற கேள்விக்கு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்" என்ற ஒரே பதில்தான் எப்போதும் கிடைக்கும். நகர மறுத்தால், காவலர் உடனிருந்தார் என்று பணி எண்ணோடு எழுதிவிடுங்கள். பி.என்.எஸ்.எஸ். 53இன்படி (பழைய 54) கைதானவரின் பரிசோதனை அறிக்கை நகலை அவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ கொடுப்பதும் டாக்டரின் கடமை. இது பலருக்குத் தெரியாது.

"ஆக்ஸிடென்ட் கேஸ். குடிச்சிருந்தாரான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேக்கறாங்க."

வாய் வார்த்தை வேண்டாம். மூச்சில் வாடை இருந்ததா என்று டாக்டர் ஏ.ஆரில் எழுதியிருப்பார், அது போதும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்பதுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கு, வாடையை வைத்து அதைச் சொல்ல முடியாது. உள்நோயாளியிடம் ரத்த மாதிரி கேட்குமுன் சிகிச்சை தரும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பாதகம் என்றால் அவர் ஆட்சேபிக்கலாம்.

"தீக்காயத்தோட வந்த அம்மா, டிரிப்ஸ் போடும்போது 'அவருதான் கொளுத்தினாரு'ன்னு என்கிட்ட சொன்னாங்க. ரகசியம்னு வெச்சுக்கணுமா?"

கூடாது, கூடவே கூடாது. இவ்வளவு நேரம் வாயை மூடச் சொன்னவனே இதைச் சொல்கிறேன். அவர் பிழைக்காவிட்டால் அந்த வார்த்தை மரண வாக்குமூலம், சாக்ஷ்ய அதிநியமம் 26இன்படி (பழைய 32) சாட்சியம். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னால்தான் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை, நர்ஸிடம் சொன்னாலும் செல்லும். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட்டை வரவழைப்பார்கள், நோயாளி தெளிவான மனநிலையில் இருக்கிறாரா என்று டாக்டர் சான்று தருவார். மாஜிஸ்திரேட் வருவதற்குள் நினைவு தப்பிவிடலாம் என்பதால் நீங்கள் கேட்டதை நர்ஸ் நோட்ஸில் நேரத்தோடு எழுதிவிடுங்கள். அவர் பேசிய தமிழிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே. "கணவர் மீது குற்றம் சாட்டினார்" என்று நாகரிகப்படுத்தாதீர்கள்.

அந்தக் கணவரே வெளியே நின்று "என்ன சொன்னா?" என்று கேட்பார். அங்கேதான் வாயை மூட வேண்டும்.

"சார்... நான் ஏற்கெனவே எல்லாத்தையும் சொல்லிட்டேன். காப்பியும் கொடுத்துட்டேன். இப்ப என்ன பண்றது?"

இன்றைக்கே ஆர்.எம்.ஓ.விடம் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம். யார் வந்தார், எப்போது, என்ன கேட்டார், என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஃபைலில் சேருங்கள். நகல் போன ஸ்டேஷனுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் போகும்: கொடுத்ததற்கு எழுத்துப்பூர்வ உத்தரவு அனுப்பவும் என்று. பெரும்பாலும் வந்துவிடும். போனில் அழைத்தவர் போலீஸே இல்லை என்று சந்தேகமாக இருந்தால், கடிதத்துக்குக் காத்திராமல் நோயாளியை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பயத்தில் கேஸ் ஷீட்டில் கை வைக்காதீர்கள். ஒரு வரியை அடித்தாலும், ஒரு தாளை மாற்றினாலும், சாட்சியத்தை அழித்தீர்கள் என்று கதை உங்கள் பக்கம் திரும்பிவிடும். தவறாக எழுதியதைத் திருத்தியே ஆக வேண்டுமென்றால் பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், சுருக்கொப்பம். ஒயிட்னர் பாட்டில் என் பிரிவில் கிடையாது, கேட்டு வராதீர்கள்.